துறைப் பட்டியல்

கடலூர் ஓ.டி.யில் ஐஸ் பாக்டரி மாடியில்
எங்கள் வானொலி.
முட்டை அட்டை ஒட்டிய சுவர், ஒரு மைக்.
விசிறி போட்டால் இரைச்சல்,
போடாவிட்டால் வியர்வை.

மடிக்கணினிக்குப் பதினொரு வயது.
பொத்தானும் படமுமாய் எதைத் திறந்தாலும்
மூச்சு முட்டி நின்றுவிடும்.
அதனால் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து,
கண் சிமிட்டும் ஒரு சின்னக் கட்டம்.
"இன்னா மேடம், மிசின் செத்துப்போச்சா?"
படகுக்கு ஐஸ் ஏற்ற வந்த இருசப்பன்.
இல்லை, இப்போதுதான்
பேச்சுக்கே வந்திருக்கிறது.

பட்டியலிடு என்கிறேன்.
கேப்சர் ஒன்று. கேப்சர் இரண்டு.
பிளேபேக் ஒன்று, அது என் காதுக்கு.
பிளேபேக் இரண்டு, அது ஊருக்கு.
இதில் ஒவ்வொன்றும் ஒரு போர்ட் என்றேன்.
"நம்ம போர்ட்டு மணல் அடைச்சிக் கெடக்கு,
ஒங்க போர்ட்டுலயாச்சும் கப்பல் வருதா?"

இணைக்க ஒரு சொல். அவிழ்க்க ஒரு சொல்.
எங்கிருந்து என்பது முன்னால்,
எங்கே என்பது பின்னால்.
ஓரெழுத்து பிசகினால்
அப்படியொரு துறையே இல்லையென்று
கையை விரித்துவிடும்.
பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று பார்க்கும்.
ஓ.டி.யில் நான் பார்த்ததிலேயே
இந்த ஒரு பேதத்தோடு நிறுத்திக்கொண்டது
இதுதான்.

போன மாதம் தூக்கக் கலக்கத்தில்
ஒலிபெருக்கியின் வாயை
மைக்கின் காதிலேயே கோத்துவிட்டேன்.
என் தும்மல் என்னைத் துரத்தித் துரத்திக்
கட்டடமே ஊளையிட்டது.
கீழே ஐஸ் உடைத்தவர்கள்
சங்கு ஊதியாச்சு என்று
கைகழுவிக் கிளம்பிவிட்டார்கள்.

இருந்தாலும் இதன்மேல் எனக்கொரு பிரியம்.
சரியாக இணைந்துவிட்டால்
ஒன்றுமே சொல்லாது.
சபாஷ் இல்லை, மணியடிப்பு இல்லை.
கட்டம் மறுபடி சிமிட்டும், அவ்வளவுதான்.
தப்பு நடந்தால் மட்டும் ஒரு வரி.

ஐப்பசிக் கடைசி. வாடை திரும்பிய ராத்திரி.
சோனாங்குப்பத்துப் படகு மூன்று
இன்னும் கரையேறவில்லை.
மூன்றாவதில் இருசப்பனின் தம்பி.
வயர்லெஸ் செட்டை மார்போடு அணைத்துப்
படியேறி வந்தார்.
அதன் வயரை இரண்டாம் துளையில் செருகினேன்.
இணை என்று அடித்தேன்.

"ஆச்சா?"
ஆச்சு.
"சத்தமே காணோமே."
இணைந்துவிட்டால் சத்தம் போடாது இது.
அவர் என்னைப் பார்த்தார்.
கடல் அப்படியில்லை என்று
அவர் சொல்லவில்லை.

எது எதோடு என்று காட்டும்
கூடுதல் எழுத்தையும் சேர்த்துக் கேட்டேன்.
கேப்சர் இரண்டு, அதன் கீழே
இரண்டு இழைகள் தெளிவாக.
தேவையில்லாமல் ஒருமுறை அவிழ்த்தேன்,
திரும்பக் கட்டினேன்.
விரலுக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

ஜன்னலுக்குக் கீழே இருட்டில்
பரவனாறு உப்பனாற்றில் விழுந்துகொண்டிருந்தது.
இந்த ஊருக்குக் கூடல் என்று பேர் வைத்தவனும்
என்னைப்போல் ஒரு ஆளாய் இருந்திருப்பான்:
எது எதில் போய்ச் சேர்கிறது என்று
ஒவ்வொன்றாய்ப் பார்த்து
எழுதி வைக்கிற ஆள்.

மூன்று மணி பத்து நிமிடம்.
முதலில் கரகரப்பு.
பிறகு யாரோ இருமினார்கள்.
பிறகு எஞ்சினின் அம்மாவை, அதைச் செய்தவனை,
டீசலை, விற்றவனை
வரிசையாக ஒரு குரல் ஏசியது.
"...கயித்துல கட்டி
இழுத்துக்கினு வர்றோம், மூணும் வருது..."

இருசப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.
அப்போதுதான் திரையைப் பார்த்தேன்:
இரண்டாவது இழை, பிளேபேக் இரண்டு.
வசவு மொத்தமும் ஊருக்கே போய்க்கொண்டிருந்தது.
அவிழ்க்கும் சொல்லைப் பாதி அடித்து
நிறுத்தினேன்.
சிங்காரத்தோப்புப் பக்கம்
ஒவ்வொரு வீடாய்
விளக்கெரியத் தொடங்கியிருந்தது.

பாதிச் சொல்லின் ஓரத்தில்
கட்டம் சிமிட்டிக்கொண்டிருந்தது.